திதிச் சோற்றுக்கு வந்த மைனாக்கள்

1

நான் இருக்கும் தீவில் காக்கை கிடையாது. பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. எப்போதோ கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்த காக்கைகளை இந்த நாட்டுக்காரர்கள் தேடித் தேடிச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

செஷல்ஸ் என்கிற இந்த நாடு இந்துமாக்கடலில் பொரி இறைத்தாற்போலக் கிடக்கும் நூற்றுச் சொச்சம் தீவுகள். அவற்றில் ஒரு பொடித் தீவில், ஒரு சுற்றுலா விடுதியின் ஜெனரேட்டர் அறையில் எனக்கு வேலை. பதினோரு வருடமாகிறது. தீவை ஒரு சுற்று நடந்து வர ஆகும் நேரத்தில் உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊரான திருப்புலிவனம் போய்த் திரும்பிவிடலாம். அவ்வளவுதான் என் உலகம்.

ஊரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "அங்க விதவிதமா பறவைங்க கீதாமே, அதப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடேன்" என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் என் அப்பாவின் திதி வந்து போனது. அன்று நடந்ததைத்தான் எழுதுகிறேன். நல்லதாக இருக்காது. நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விடுதியில் வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் ஒரு சீருடையும் ஒரு பறவைக் கையேடும் தருவார்கள். தீவில் பாதி இடம் பறவைகளுக்கான சரணாலயம். விருந்தாளிகள் கேட்டால் எலெக்ட்ரீஷியன்கூடப் பதில் சொல்லியாக வேண்டும். கால் நிறம், மூக்கு நீளம், கண்ணைச் சுற்றி வளையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கம் புரட்டிப் பெயர் கண்டுபிடிப்பதற்குள் பறவை பறந்துபோயிருக்கும். எனக்கு வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் குருவி. என் மகள் பவித்ராவுக்கு அது தாங்காது. பெரிய தீவில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பதின்மூன்று வயது. விடுமுறைக்கு வந்தால் அந்தக் கையேடும் கையுமாகத்தான் திரிவாள். பார்த்த பறவைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

"அப்பா, அது கொக்கு இல்ல. புக்க பாரேன். எல்லாம் ஒண்ணுதான்னா எதுக்குப் புக்கு?" என்பாள். அதையும் பாதி கிரியோல், பாதி இங்கிலீஷில் சொல்வாள். என்னிடம் முழுத் தமிழில் பேசி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

கையேட்டில் முதல் பக்கங்கள் இந்த மண்ணில் பிறந்த பறவைகளுக்கு. கடைசிப் பக்கங்கள் வெளியிலிருந்து வந்தவற்றுக்கு. கடைசிப் பக்கங்களைப் பார்த்தால் எங்கள் ஏரிக்கரையே உட்கார்ந்திருக்கிறது. மைனா, கிளி, காக்கை. ஒவ்வொன்றின் அடியிலும் அதை எப்படி ஒழித்தார்கள் அல்லது ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இரண்டு வரி. முதன்முதலில் படித்தபோது சிரித்தேன். இங்கே வேலை செய்ய எனக்குத் தந்திருக்கும் பெர்மிட்டிலும் ஏறக்குறைய அந்தத் தொனியில்தான் எழுதியிருக்கும்.

2

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம். நாற்று விடும் பருவத்தில் விதை முளைகட்டி வெள்ளை மூக்கு காட்டும்போது பறவைகள் இறங்கும். மைனா, புறா, சிட்டு எல்லாம் இறங்கும். டப்பா தட்டிப் பார்ப்பார், பழைய சேலை கட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் பொறுமை போய்விடும். வேகவைத்த நொய்யரிசியில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைப் பிசைந்து வரப்பு நெடுக வைத்துவிடுவார்.

ஒரு மணி நேரத்தில் வரப்பெல்லாம் துடிக்கும். சாகாமல் கிடந்து சிறகடிப்பவற்றைக் கழுத்தைத் திருகிப் போட வேண்டும். அது என் வேலை. முதல் தடவை ஒரு மைனாவைக் கையில் எடுத்துவிட்டு அதன் கண்ணைப் பார்த்தபடி நின்றேன். கை வரவில்லை. நைனா மண்வெட்டிக் காம்பால் என் முதுகில் போட்டார். இரண்டாவது அடியில் விழுந்தேன். மூன்றாவது அடி விழுந்தவனுக்கு.

"மூஞ்சியப் பாக்காத. அந்தாண்ட திரும்பிக்கினு திருகு. பாத்தா கை ஓடாது" என்றார்.

வேலையைத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் கை தானாக ஓடியது. அன்று ஒரு சாக்கு நிறையத் திருகினேன். ஏரிக்கரையில் குழி தோண்டிக் கொட்டினோம். வாயிலிருந்து நுரை வந்து மண்ணில் ஊறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மனிதரை நான் வெறுத்தேன். அதை மழுப்பிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்ததும் கடல் தாண்டி ஓடி வந்ததற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் என் மனைவி விஜயா, மகளோடு என்னிடம் வருவதற்கு முன் ஆறு வருடம் திருப்புலிவனத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவள். பக்கவாதம் வந்து கிடந்தவருக்கு ஊட்டிவிட்டாள், துடைத்துவிட்டாள். அவளை அவர் ஒரு சொல் கடிந்ததில்லையாம். "எனுக்கு அவரு பெத்த அப்பா கணக்கா" என்பாள். ஒரே ஆளைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

3

இங்கே வந்த முதல் அமாவாசைக்கு விஜயா விரதம் இருந்து, சமைத்து, ஒரு வாழையிலையில் சோறும் வடையும் வைத்துக்கொண்டு பின்கட்டுச் சிமெண்ட் மேடையில் காத்திருந்தாள். காக்கை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு இரண்டு மைனாக்கள் வந்து சோற்றில் மூக்கு வைத்தன.

"வந்துட்டாரு பாருங்க" என்றாள்.

"அது மைனா."

"இருந்தா இன்னா? காக்கா இல்லாத ஊர்ல அவரு எதுல வருவாரு? பசிக்கு வந்துகீறாரு. நீங்க வாய மூடிக்கினு கும்பிடுங்க."

கும்பிட்டேன். அதிலிருந்து தினமும் பகலில் ஒரு பிடி சோறு, அமாவாசைக்கும் திதிக்கும் வடை பாயசத்தோடு நிறைய. இரண்டு மைனா பத்தானது, பத்து நாற்பதானது. விடுதியில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகைக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் பறவைக் காவலர் ழெரோம் வந்து மேடை எதிரில் நின்று பார்த்தார். இந்த நாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். என்னைக் கூப்பிட்டுக் காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தடிக்கு அழைத்துப்போனார். மரத்தில் ஒரு பறவையின் கூடு. பி சாந்தேஸ் என்று கிரியோலில் சொல்வார்கள். கன்னங்கரேலென்று இருக்கும், சிறகில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. எங்கள் ஊர் வண்ணாத்திக்குருவிக்குப் பங்காளி முறை. எங்கள் ஊரில் அது கிணற்றடியில், கழுநீர்த் தொட்டியடியில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஏறெடுத்துப் பார்க்க மாட்டோம். இவர்களுடைய இந்தப் பறவையோ உலகத்திலேயே இந்த நாட்டின் நாலைந்து தீவுகளில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் தீவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காலில் நிற வளையம் மாட்டி, பேர் வைத்து, நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் ழெரோம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு மைனாக்கள் வந்தன. தாய்ப்பறவையை இரண்டு சேர்ந்து துரத்தின. மற்ற இரண்டும் கூட்டுக்குள் தலையை விட்டு இறகு முளைக்காத ஒரு குஞ்சை இழுத்துக் கீழே போட்டன. போட்டதோடு விடவில்லை. இறங்கி வந்து கொத்தின. வயிறு கிழிந்து சிவப்பாகத் தெரிந்த பிறகும் கொத்தின. தின்னக்கூட இல்லை. ழெரோம் கல்லெடுத்து எறிந்தார். பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் போட்டன. நைனா வந்துவிட்டார் என்று என் மனைவி கைகூப்பும் சத்தம்.

"உன் வீட்டுச் சோற்றில்தான் இவை பெருகியிருக்கின்றன" என்றார் ழெரோம். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. என் பெர்மிட்டை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். விஜயாவுக்கும் பவித்ராவுக்கும் என்னை ஒட்டிய அனுமதி. போட்டோ, பழைய தாள், புதுத் தாள், அதற்கொரு நகல், நகல் சரிதான் என்பதற்கு ஒரு முத்திரை. எங்கள் தீவுக்கென்று கூடுதலாக ஒரு விதி. இந்தக் குடும்பத்தால் பறவைகளுக்குத் தொந்தரவில்லை என்று பறவைக் காவலர் ஒரு தாளில் எழுதித் தந்தால்தான் விடுதி மேலாளர் கையெழுத்துப் போடுவார். எங்களுக்கு அடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பவித்ராவுக்கு ஊர் என்றால் இதுதான். இங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கத்தில்கூட உளறுவாள்.

சோறு வைப்பதை நிறுத்திவிடுகிறேன் என்று ழெரோமிடம் சொன்னேன். வேண்டாம், தொடர்ந்து வை என்றார். தீவின் மைனாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் நம்பி இறங்குவது உன் வீட்டு மேடையில்தான், அந்தச் சோற்றில் மயக்க மருந்தைக் கலந்தால் ஒரே நாளில் பெரும்பகுதி முடிந்துவிடும் என்றார். எந்த நாளில் அதிகம் வரும் என்று கேட்டார்.

"அப்பாவின் திதியன்று" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது.

4

விஜயாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சமைத்திருக்க மாட்டாள்.

ழெரோமின் திட்டம் சுத்தமானது. மருந்து தின்ற பறவை சிறிது நேரத்தில் கிறங்கி விழும். சாகாது. அதற்குள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணருகே மஞ்சள் தோல், மஞ்சள் கால் என்றால் மைனா, கழுத்தைத் திருகிச் சாக்கில் போடு. வேறு எதுவாக இருந்தாலும் துணி விரித்த பெட்டியில் வை, தெளிந்து எழுந்துவிடும். எங்கள் வீட்டுப் பக்கம் சுற்றும் பி சாந்தேஸ் ஜோடியை முதல் நாளே பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டார். "ஒவ்வொன்றின் முகத்தையும் பார்" என்று மூன்று தடவை சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த பவித்ரா கொட்டகை மேசையில் தன் பறவை நோட்டோடு உட்கார்ந்தாள். செத்தவற்றை எண்ணி எழுதுவது அவள் பொறுப்பு. கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

விஜயா குளித்து ஈரத்தலையோடு இலை போட்டாள். சோறு, பருப்பு, வாழைக்காய், வடை. கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் முதுகு மறைந்ததும் நான் பொடியைத் தூவிப் பிசைந்தேன். நொய்யரிசி பிசைந்த கை எனக்கு ஞாபகம் இருந்தது. விரல்கள் அதே மாதிரிதான் போயின.

இறங்கின. கூரையிலிருந்து, மரத்திலிருந்து, விடுதிப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு தின்றன. மேடை ஓரச் சுவரில் கறுப்பாக ஒன்று, சிறகில் வெள்ளையோடு, வாலைத் தூக்கி நின்றதைப் பார்த்தேன். வண்ணாத்திக்குருவி என்று மனம் சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டது. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது ஒரு செய்தியே இல்லை.

பிறகு விழ ஆரம்பித்தன. நடந்துகொண்டே சாய்ந்தன. பறக்க எழுந்து சுவரில் மோதின. ழெரோம் கடற்பக்கம் விழுந்தவற்றை நோக்கி ஓடினார். மேடை எனக்கு. முதல் நாலைந்தை முகம் பார்த்துத்தான் திருகினேன். மஞ்சள் கண், மஞ்சள் கால். ஐந்தாவதோ ஆறாவதோ கண் திறந்து என்னைப் பார்த்தது. விரல்கள் நின்றுவிட்டன. முதுகில் மண்வெட்டிக் காம்பு விழுந்த இடம் சுரீரென்றது. பக்கத்தில் இன்னொன்று தெளிந்து தத்தித் தத்தி எழுந்தது, அதன் பின்னால் மற்றொன்று. போய்விடும் என்கிற பதற்றத்தில் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் வேகமாக ஓடியது. எடு, திருகு, போடு. எலும்பு நறுக்கென்று ஒடிவது விரலில் தெரியும். சில நகத்தால் கிழித்தன. மணிக்கட்டெல்லாம் ரத்தம், எது என்னுடையது என்று தெரியவில்லை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் எனக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டு நைனாவைத் திட்டிக்கொண்டே திருகினேன். அவர் இதில்தான் வருகிறார் என்றால் வரட்டும் என்று திருகினேன்.

திரும்பியபோது விஜயா கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"மாமாவுக்கு வெச்ச சோத்துலயா?" என்றாள்.

அவள் வந்து இலையை மடித்தாள். மேல்மடிப்பாகவா கீழ்மடிப்பாகவா என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு அதன்மேல் கிடந்த ஒரு மைனாவோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போனாள்.

5

இரண்டாவது சாக்கைக் கொட்டகைக்குத் தூக்கிப்போனேன். பவித்ரா முதல் சாக்கை மேசையில் கொட்டி, ஐந்தைந்தாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள். இவள் என் பெண்தானா என்று இருந்தது.

நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றது.

கறுப்பு. முழுக் கறுப்பு. சிறகில் வெள்ளைப் பட்டை. கால் கறுப்பு, அதில் வளையம் இல்லை. அந்த வருடம் கூட்டைவிட்டு வந்த இளம் பறவையாக இருக்க வேண்டும். யார் நோட்டிலும் ஏறாதது. கழுத்து பின்பக்கமாகத் தொங்கியது. நான் திருகிய விதத்தில் திருகியிருந்தது.

பவித்ரா என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அதை எடுத்து மைனாக்களுக்கு அடியில் செருகினாள். மீதியையும் எண்ணி முடித்தாள். நோட்டில் மைனா என்று எழுதி அதற்கு நேராக முப்பத்தொன்பது என்று போட்டாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் மைனா.

கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத அப்பனைப் பேர் தப்பாகச் சொன்னதற்காக வாரம் முழுக்க முறைத்த பெண் அவள்.

"சொல்லாத அப்பா. யாருக்கும் தெரியாது. ரிங் இல்ல. நான் மைனான்னே எழுதிட்டேன். சொன்னா நம்மள அனுப்பிடுவாங்க" என்றாள். முழுவதையும் தமிழில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. விஜயா அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

"மாமா செஞ்சாரு. அது அவரு நெலம், அவரு பயிரு. அது பாவந்தான், அவரே சொல்லிக்கினு கெடந்தாரு. நீங்க எதுக்காவ செஞ்சீங்க?"

"பெர்மிட்டுக்கு."

"இப்ப பவி எதுக்காவ பொய் எழுதுது?"

அதற்கும் அதேதான் பதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் கொன்ற பறவைகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. அந்த நோட்டு ஒன்றில்தான் என் பெண் இதுவரை உண்மையைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. அதில் என்னால் ஒரு பொய் ஏறிவிட்டது. இனி அவள் பார்க்கும் ஒவ்வொரு பறவையிலும் அது இருக்கும்.

கொட்டகைக்குப் போனேன். அவள் வெளியே போயிருந்தாள். மைனாக்களை விலக்கிக் கறுப்புப் பறவையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ழெரோமிடம் போனேன். நான்தான் முகம் பார்க்காமல் திருகினேன் என்றேன். கணக்கையும் நான்தான் தப்பாக எழுதச் சொன்னேன் என்றேன்.

அவர் அதை வாங்கிச் சிறகை விரித்துப் பார்த்தார். மூக்கை அளந்தார், எடை போட்டார், உறையில் இட்டுத் தேதி எழுதினார். பிறகு சுவரில் முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினார். பலகைச் சுவர் அதிர்ந்தது. நோட்டை எடுத்து முப்பத்தொன்பதை அடித்து முப்பத்தெட்டு ஆக்கினார். கீழே அந்தப் பறவையின் பேரையும் ஒன்று என்றும் எழுதினார். உன் பெர்மிட்டுக்கான தாளில் நடந்ததை நடந்தபடிதான் எழுத முடியும் என்றார். எழுதியும் கொடுத்துவிட்டார். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பவித்ரா வாசலில் நின்றிருந்தாள். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த கையேட்டை என் முகத்தில் எறிந்தாள். மூக்கில் பட்டுக் கீழே விழுந்தது. பிறகு பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் மார்பில் குத்தினாள். வயிற்றில், தோளில், எட்டிய இடத்தில் எல்லாம் குத்தினாள். "நான் உனக்காகத்தானே எழுதினேன், நான் உனக்காகத்தானே எழுதினேன்" என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். மூக்கிலிருந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. நான் கையைத் தூக்கவில்லை.

விஜயா ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"போதும் பவி. கை நோவும்" என்றாள்.

பவித்ரா நிறுத்தவில்லை. நானும் அவள் கையைப் பிடிக்கவில்லை.